ஊர்திகளின் பிரேக், சக்கரக் குடத் துரு (பழவேற்காடு)

பிரேக், சக்கரக் குடத் துரு என்பது ஊர்திகளின் பிரேக் உறுப்புகளும் சக்கரத்தைத் தாங்கும் குடமும் (ஹப்) ஈரம், உப்பு, காற்றிலுள்ள ஆக்சிசன் ஆகியவற்றால் அரிக்கப்படுவதைக் குறிக்கும். குளிர்நாடுகளில் இது குளிர்காலச் சிக்கலாகவே அறியப்படுகிறது. அங்கே சாலையில் உறையும் பனியை உருக்குவதற்காகத் தூவப்படும் உப்பு இதற்கு முதன்மைக் காரணம் ஆகும். தமிழ்நாட்டின் கடற்கரையில் பனி உறைவதில்லை. ஆயினும் கடற்காற்றும் உவர்நீரும் மீன்பெட்டிகளிலிருந்து வடியும் நீரும் அதே உப்பை ஆண்டு முழுவதும் ஊர்திகளின் அடிப்பகுதியில் சேர்க்கின்றன. இக்கட்டுரை பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்துரு எவ்வாறு உண்டாகிறது, எது தீங்கற்றது, எது உயிருக்கு ஊறானது, எவ்வாறு கையாள வேண்டும் என்பவற்றை விளக்குகிறது.

சொற்கள்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதி தமிழில் குடம் எனப்படும். குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்பட்டு வட்டையைத் தாங்கும். சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் கடையாணி காக்கும். இன்றைய ஊர்திகளில் குடத்தின் வேலையைச் செய்யும் உறுப்பைப் பட்டறைகளில் ஹப் என்கின்றனர். அதனுள்ளே பேரிங் (உருள் தாங்கி) அமைந்திருக்கும். அதன் முகப்பில் டிஸ்க் (வட்டு) அல்லது டிரம் (உருளை) பொருத்தப்பட்டு, அதன்மேல் சக்கரம் நட்டுகளால் இறுக்கப்படும்.

டிஸ்க் பிரேக்கில் கேலிப்பர் என்னும் கவ்வி இரண்டு பேடுகளைச் சுழலும் வட்டின் இருபுறமும் அழுத்தும். டிரம் பிரேக்கில் பிறை வடிவிலான இரண்டு ஷூக்கள் உள்ளிருந்து வெளிநோக்கி விரிந்து உருளையின் உட்சுவரில் உராயும். பெரும்பாலான மொபெடுகள், மூன்று சக்கர ஊர்திகள், சிறு சரக்கு ஊர்திகளின் பின்சக்கரங்கள் ஆகியவற்றில் டிரம் பிரேக்கே உள்ளது.

பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இவ்வேரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் ஏரிக்கு நீர் கொணர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் ஏரியை ஊடறுத்துச் செல்கிறது. தென்கரையிலுள்ள பழவேற்காடு ஊரில் 1613 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கெல்திரியா கோட்டையைக் கட்டினர்.

ஏரிநீரின் உப்பளவு நிலையானதன்று. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று வெள்ளத்தால் அது ஏறக்குறைய நன்னீர் அளவுக்குக் குறையும். கோடையில் நீர் ஆவியாவதாலும், முகத்துவாரம் மணலால் அடைபடுவதாலும் கடல்நீரின் உப்பளவையும் (கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம்) கடந்து உயரும்.

கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் முதலிய ஊர்கள் கடலுக்கும் காயலுக்கும் அண்மையில் உள்ளன. இங்கு நிறுத்தப்படும் ஊர்திக்கு ஒருபுறம் கடலலையின் துளிகளும் மறுபுறம் காயலின் ஈரமும் கிடைக்கின்றன. பிடிபடும் மீன், இறால், நண்டு ஆகியவை பொன்னேரிக்கும் சென்னைக்கும் சாலை வழியாகவே செல்கின்றன. எனவே இவ்வூர்களின் வருவாய் கடலை மட்டுமல்லாது, விடியற்காலையில் சுமையோடு புறப்படும் சக்கரங்களையும் நம்பியுள்ளது.

வரலாற்றுப் பின்புலம்

சோழமண்டலக் கரையின் மரபான கடற்கலங்களில் இரும்பு ஏறக்குறைய இல்லை எனலாம். கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கயிற்றால் பிணைக்கப்பட்ட மரங்களே. மசூலாப் படகின் பலகைகளும் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டன. கரையலையின் மோதலுக்கு வளைந்து கொடுப்பதே இம்முறையின் முதன்மை நோக்கம் ஆகும். துருப்பிடிக்க இரும்பு இல்லாமை அதன் கூடுதல் பயன்.

நிலத்தில் ஓடிய மாட்டுவண்டியில் இரும்பு அச்சும் பட்டையும் இருந்தன. அச்சுக்கும் குடத்துக்கும் இடையே வண்டி மை இடப்பட்டது. எண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்யப்படும் இம்மை உராய்வைக் குறைத்ததோடு நீர் புகாமலும் காத்தது. இன்றைய கிரீஸ் செய்யும் இரு வேலைகளும் இவையே.

1980 ஆம் ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்த பின்னர், தமிழ்நாட்டின் சிறு வணிகர்களிடையே மொபெட் பரவியது. மீன்கூடையும் ஐஸ் பெட்டியும் மிதிவண்டியிலிருந்து மொபெடுக்கு மாறின. பின்னர்ப் பயணியர் ஆட்டோக்களும் சிறு சரக்கு ஊர்திகளும் வந்தன. இவ்வாறாக, இரும்பை விலக்கி வாழ்ந்த ஒரு கரைக்கு இரும்புச் சக்கரங்கள் மிகுதியாக வந்து சேர்ந்தன.

துருவின் வேதியியல்

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை ஆகும். இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும்போது, பரப்பின் ஒரு பகுதி நேர்மின்வாயாகச் செயற்படுகிறது. அங்கே இரும்பு அணுக்கள் எதிர்மின்னிகளை (எலக்ட்ரான்) இழந்து அயனிகளாக நீரில் கரைகின்றன. மற்றொரு பகுதி எதிர்மின்வாயாகச் செயற்படுகிறது. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் அந்த எதிர்மின்னிகளை ஏற்று ஹைட்ராக்சைடு அயனியாகிறது. இவ்விரு அயனிகளும் சேர்ந்து, மேலும் ஆக்சிசனேற்றமடைந்து, செம்பழுப்பு நிறத் துருவாகின்றன.

இவ்வினையில் உப்பு மூன்று வகைகளில் பங்கேற்கிறது.

முதலாவதாக, உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் வினை விரைவாக நடைபெறுகிறது. இரண்டாவதாக, குளோரைடு அயனி உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தை ஆங்காங்கே உடைத்துக் குழிகளை உண்டாக்குகிறது. மூன்றாவதாக, உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் சோடியம் குளோரைடு தானே கரைந்து நீராகும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே நீர்த்துவிடும். ஆகவே கடலுப்புப் படிந்த இரும்பு, மழை பெய்யாத நாளிலும், நண்பகலிலும்கூட, முற்றிலும் காய்வதில்லை.

ஒரு பொருள் எவ்வளவு நனைந்தது என்பதைவிட, உப்புடன் எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது என்பதே துருவின் அளவைத் தீர்மானிக்கிறது. கழுவும் முறை, நிறுத்தும் முறை, பராமரிக்கும் முறை ஆகிய அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்தே பெறப்படுகின்றன.

துரு தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஒன்றோடொன்று நெருக்கமாகப் பொருந்தும் உறுப்புகளுக்கிடையே உண்டாகும் துரு, ஆப்பு அடித்தாற்போல் அவற்றை இறுக்கவோ பிளக்கவோ செய்வது இதனால்தான்.

பருவங்களும் துருவும்

பழவேற்காட்டுப் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. மழைக்காலமே துருவுக்கு உகந்த காலம் என்பது பொதுவான எண்ணம். இது பாதி மட்டுமே உண்மை. பலத்த மழை, ஊர்தியின் வெளிப்பரப்பில் படிந்த உப்பைக் கழுவிவிடும். மழை நின்றபின் வரும் முன்பனிக் காலத்தில் (மார்கழி, தை) இரவுதோறும் உலோகத்தின்மேல் பனி படிகிறது. பனி நனைக்கும், கழுவாது. கடற்காற்றின் உப்பு நாளுக்கு நாள் சேர, பனிநீர் அதனைக் கரைத்து உலோகத்தின்மேலேயே தங்கச் செய்கிறது.

பிரேக்கும் சக்கரக் குடமும் ஊர்தியின் அடியில் இருப்பதால், மழையின் கழுவும் பயன் அவற்றுக்கு எக்காலத்திலும் முழுமையாகக் கிட்டுவதில்லை. தேங்கிய உவர்நீரும் சேறுமே அவற்றின்மேல் தெறிக்கின்றன. இதனாலேயே மேற்பகுதி பளபளப்பாக உள்ள ஊர்தியின் அடிப்பகுதி உளுத்துப்போயிருப்பதைக் காணலாம்.

கடலிலிருந்து விலகும் தொலைவும் முக்கியமானது. 1950களில் நைஜீரியாவின் லாகோஸ் கடற்கரையில் ஆம்ப்ளர், பெயின் ஆகியோர் எஃகுத் தகடுகளை வெவ்வேறு தொலைவுகளில் வைத்து ஆராய்ந்தனர். அலைக்கரையை விட்டு விலக விலக உப்புப் படிவும் அரிமானமும் மிக விரைவாகக் குறைவதை அவ்வாய்வு காட்டியது. எனவே ஊர்தியை நிறுத்தும் இடத்தைக் கடலிலிருந்து சிறிது உள்ளே தள்ளி அமைப்பதும், காற்றுக்கு மறைவாக வைப்பதும் பயன் தரும்.

பாதிக்கப்படும் உறுப்புகள்

டிஸ்க்: வட்டு வார்ப்பிரும்பால் ஆனது, உராயும் முகத்தில் வண்ணம் பூச இயலாது. ஓரிரவு நின்ற ஊர்தியின் வட்டில் செம்மை படர்வது இயல்பு. முதல் சில பிரேக்குகளிலேயே பேடுகள் அதனைத் தேய்த்து நீக்கிவிடும், இது தீங்கற்றது. மாறாக, வாரக்கணக்கில் ஓடாத ஊர்தியில் துரு குழிகளாக இறங்கினால் பேடு முழுமையாகப் படியாது. பிரேக்கின் பிடிப்புக் குறையும்.

கேலிப்பர்: பெரும்பாலான கார்களில் கேலிப்பர் இரண்டு வழுக்குத் தண்டுகளின் (ஸ்லைடர் பின்) மேல் நகர்கிறது. இத்தண்டுகளின் ரப்பர் உறை கிழிந்து உப்புநீர் புகுந்தால் அவை இறுகும். அப்போது ஒருபுறப் பேடு மட்டும் தேயும். அல்லது பிரேக் மிதியை விட்ட பின்னும் பேடு வட்டை உரசிக்கொண்டே இருக்கும். தொடர் உரசலால் குடம் சூடாகி, பேரிங்கின் கிரீஸ் உருகி வெளியேறக்கூடும்.

டிரம்: உருளை மூடியதுபோல் தோன்றினாலும் நீர் புகும், புகுந்தபின் எளிதில் வெளியேறாது. ஷூவை விரிக்கும் கேம் தண்டு மொபெடுகளில் துருவால் இறுகுவது வழக்கம். இறுகிய கேம், பிரேக் பிடித்தால் திரும்பாது. அல்லது பிடிக்கவே பிடிக்காது. ஷூவின் எஃகுப் பரப்புக்கும் அதன்மேல் ஒட்டப்பட்ட லைனிங்குக்கும் இடையே துரு வளர்ந்து, லைனிங்கைப் பெயர்த்துவிடுவதும் உண்டு. கனரக ஊர்திகளில் இது நன்கு அறியப்பட்ட பழுது.

கேபிளும் குழாயும்: மொபெட், ஆட்டோ ஆகியவற்றின் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்தால் கனமாகும், இழைகள் ஒவ்வொன்றாக அறும். கார்களின் எஃகுப் பிரேக் குழாய் வெளியிலிருந்து அரிக்கப்பட்டு, வலுவாக மிதிக்கும் வேளையில் வெடிக்கக்கூடும். மறைவாக நடந்து, முன்னறிவிப்பின்றி வெளிப்படுவதால் இதுவே துருவின் விளைவுகளுள் மிகவும் ஆபத்தானது.

சக்கரக் குடம்: குடத்தின் முகப்பிலும் நடுவளையத்திலும் துரு வளர்ந்தால் சக்கரம் அதனோடு ஒட்டிக்கொள்ளும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற முடியாமல் நடுவழியில் நிற்க நேர்வது இதனால்தான். அலுமினியச் சக்கரம் பொருத்திய ஊர்திகளில் சிக்கல் மிகுதி. உப்புநீரின் முன்னிலையில் அலுமினியமும் இரும்பும் ஒரு மின்கலம்போல் செயற்பட்டு, அலுமினியம் வெண்பொடியாக அரிபடும். மேலும், குடத்துக்கும் வட்டுக்கும் இடையே ஒட்டிய சிறு துருச்செதில்கூட வட்டைச் சாய்த்துவிடும். அச்சாய்வு வட்டின் விளிம்பில் பெருகி, பிரேக் பிடிக்கும்போது அதிர்வாக உணரப்படும்.

ஏபிஎஸ் உணரி: இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர ஊர்திகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. சக்கரத்தின் வேகத்தை அறியும் உணரி குடத்தை ஒட்டியே அமைந்துள்ளது. உணரிக்கும் அதன் வளையத்துக்கும் இடையே துரு சேர்ந்தால் தவறான குறிப்பு எழுந்து, எச்சரிக்கை விளக்கு எரியும்.

மீன் ஏற்றும் ஊர்திகள்

மீன்பெட்டியில் பனிக்கட்டி உருகும்போது வடியும் நீர் வெறும் நீர் அன்று. மீனின் மேலிருந்த கடல்நீர், குருதி, சளி ஆகியவை அதில் கலந்திருக்கும். மொபெடில் பெட்டி பின்சக்கரத்துக்கு மேலே கட்டப்படுவதால், இந்நீர் நேராகப் பின்பக்க டிரம், சங்கிலி, கேபிள் ஆகியவற்றின்மேல் சொட்டுகிறது. சிறு சரக்கு ஊர்திகளில் தளத்தின் இடுக்குகள் வழியே பின் அச்சின்மேல் விழுகிறது. சுமையேறிய ஊர்தியை நிறுத்துவதற்குக் கூடுதல் விசை வேண்டும். அவ்விசையைத் தரவேண்டிய பின்பிரேக்கே இங்கு மிகுதியாக அரிபடுகிறது.

பெட்டியின் வடிதுளையில் ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி, நீரைச் சக்கரத்துக்கு அப்பால் இறக்கிவிடுவது எளிய தீர்வு. வடியும் நீரைச் சிறு கேனில் பிடித்துக்கொள்வது இன்னும் நன்று. சாலை வழுக்குவதும் நாற்றமும் குறையும்.

கடற்கரைகளில் படகுகளை இழுக்க உழுவுந்துகள் (டிராக்டர்) பயன்படுகின்றன. ஓடிச் சூடேறிய குடம் கடல்நீரில் இறங்கும்போது திடீரெனக் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், தேய்ந்த சீல் வழியே உப்புநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. வெளியே துரு தெரியாமலேயே பேரிங் அழிவதற்கு இதுவே காரணம். நீரில் இறங்குமுன் குடம் ஆறும்வரை காத்திருப்பதும், சீலைக் காலத்தே மாற்றுவதும் இதனைத் தடுக்கும்.

அறிகுறிகள்

பின்வருவன தென்பட்டால் ஊர்தியைப் பட்டறையில் காட்டவேண்டும்.

- காலையில் முதல் சில பிரேக்குகளுக்குப் பின்னும் நீடிக்கும் உராய்வொலி
- பிரேக் பிடிக்கும்போது ஊர்தி ஒருபக்கமாக இழுத்தல்
- ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருத்தல் (தொடாமல், கையை அருகே கொண்டு சென்று உணரலாம்)
- பிரேக் நெம்புகோல் அல்லது மிதி தானே மீளாமை
- பிரேக் ஆயில் அளவு குறைதல், சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கசிவு
- வேகத்துடன் கூடும் முரல்வொலி. உயர்த்திய சக்கரத்தை ஆட்டினால் அசைவு (பேரிங் தேய்வு)

கடைசி நான்கில் எதுவும் தென்பட்டால் சுமையேற்றிச் செல்வதைத் தவிர்க்கவேண்டும். பிரேக் ஆயில் கசிந்தால் ஊர்தியை ஓட்டவே கூடாது.

கையாளும் முறைகள்

கழுவுதல்: மிகச் சிறந்த தடுப்பு நன்னீரே. கரையிலிருந்தோ சந்தையிலிருந்தோ திரும்பியதும் சக்கரங்களின் உட்புறத்தையும் அச்சையும் நன்னீரால் கழுவவேண்டும். சூடான வட்டின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது கோணவோ வெடிக்கவோ கூடும். ஆறியபின் கழுவுதல் வேண்டும். கடலோர ஊர்களில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருப்பதுண்டு. அந்நீரால் கழுவினால் உப்பு நீங்குவதற்குப் பதிலாகக் கூடும். குடிநீருக்கே தட்டுப்பாடு உள்ள இடத்தில் ஊர்திக்கு நீர் ஒதுக்குவது எளிதன்று. ஒரு வாளி நன்னீரைக் குடங்களுக்கும் பிரேக்குகளுக்கும் மட்டும் பயன்படுத்துவதும், கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஏற்றவை.

உலர்த்துதல்: கழுவிய பின்னரோ தேங்கிய நீரைக் கடந்த பின்னரோ, குறைந்த வேகத்தில் பிரேக்கை மெதுவாகச் சிலமுறை பிடித்து விடவேண்டும். உராய்வின் வெப்பம் ஈரத்தை நீக்கும். நனைந்த நிலையில் உடனே நிறுத்திவிடுவதே தவறு.

நிறுத்திவைத்தல்: மீன்பிடித் தடைக்காலம் (தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை), புயல் எச்சரிக்கை நாட்கள் போன்ற காலங்களில் ஊர்திகள் நெடுநாள் நிற்க நேரும். அப்போது கைபிரேக்கைப் பிடித்து வைத்தால் ஷூவும் உருளையும் துருவால் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் இட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துக் கைபிரேக்கை விடுவித்து வைக்கலாம். வாரத்துக்கு ஒருமுறையேனும் சிறிது தொலைவு ஓட்டிப் பிரேக் பிடிப்பது நன்று.

ஒட்டிய பிரேக்கை விடுவித்தல்: ஊர்தியைக் கியரில் முன்னும் பின்னுமாக மென்மையாக அசைத்தாலே பெரும்பாலும் விடுபடும். விடுபடாவிடில் உருளையை மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டலாம். வலுவாக முடுக்கி இழுத்தால் லைனிங் பெயர்ந்துவிடும்.

ஒட்டிய சக்கரத்தைக் கழற்றுதல்: ஊர்தியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உயர்த்திய பகுதியை உறுதியான தாங்கியின்மேல் அமர்த்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்லுதல் கூடாது. நட்டுகளை முழுதும் கழற்றாமல், சில மரைகள் பற்றியிருக்கும்படி தளர்த்தி விடவேண்டும். சக்கரம் திடீரென விடுபட்டாலும் அவை பிடித்துக்கொள்ளும். பின்னர் டயரின் பக்கச்சுவரை ரப்பர்ச் சுத்தியாலோ மரக்கட்டையாலோ எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறித் தட்டவேண்டும். இரும்புச் சுத்தியால் சக்கரத்தையோ வட்டையோ அடித்தால் அவை விரிசலடையக்கூடும்.

துப்புரவு: சக்கரம் கழன்றதும் குடத்தின் முகப்பையும் நடுவளையத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, செதில்களை முற்றிலும் நீக்கவேண்டும். நடுவளையத்தில் மட்டும், ஒட்டுதலைத் தடுக்கும் பசையை மிக மெல்லியதாகப் பூசலாம். திருகுமரைகள், நட்டு அமரும் பரப்பு, வட்டின் முகம் ஆகியவற்றில் படக்கூடாது. மரையில் எண்ணெய் பட்டால், அதே விசையில் நட்டு தேவைக்கு மேல் இறுகும். நட்டுகளைக் கையேட்டில் குறித்த அளவுக்கு, எதிரெதிராக இறுக்கவேண்டும். பிரேக்கின் தூசியை ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலுக்குத் தீங்கான கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

கிரீஸ்: கேலிப்பரின் வழுக்குத் தண்டுகளுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸே ஏற்றது. பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் உறையை உப்பச் செய்யும். மொபெடின் கேம் தண்டைக் கழற்றித் துடைத்துச் சிறிதளவு கிரீஸ் இடவேண்டும். மிகுந்தால் சூட்டில் உருகி லைனிங்கில் படும்.

பிரேக் ஆயில்: கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் குழாய்கள் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். அதன் கொதிநிலையும் தாழும். டாட் 3 வகைக்குப் புதிய நிலையில் குறைந்தது 205 பாகை செல்சியசாக இருக்கவேண்டிய கொதிநிலை, ஈரமேறிய நிலைக்கான வரையறையில் 140 பாகை மட்டுமே. கையேட்டில் வேறு கூறப்படாவிடில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம்.

மாற்றவேண்டியவை: குழி விழுந்த வட்டு, குறித்த குறைந்த தடிப்புக்குக் கீழே தேய்ந்த வட்டு, செதில் விட்ட பிரேக் குழாய், இழை அறுந்த கேபிள், லைனிங் பெயர்ந்த ஷூ ஆகியவற்றைத் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் மாற்றவேண்டும். பிரேக் குழாயின் துருவை வண்ணம் பூசி மறைப்பது பழுதைக் கண்ணிலிருந்து மறைக்குமேயன்றி நீக்காது.

தவறான நம்பிக்கைகள்

கழிவு எண்ணெயையோ டீசலையோ ஊர்தியின் அடியில் தெளித்தால் துருப்பிடிக்காது என்ற வழக்கம் பரவலாக உள்ளது. எண்ணெய்ப் படலம் நீரை ஓரளவு தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அது பேடிலோ ஷூவிலோ பட்டால் பிரேக்கின் பிடிப்புப் பெரிதும் குறையும். ரப்பர் உறுப்புகளும் கெடும். வடியும் எண்ணெய் காயலைச் சேர்ந்தால் மீன்வளத்துக்கும் தீங்கு. எண்ணெய் தோய்ந்த லைனிங்கை மணல்தாளால் தேய்த்துப் பயன்படுத்துவதும் பாதுகாப்பானதன்று, மாற்றுவதே முறை.

துரு நீக்கும் தெளிப்பான்களை ஒட்டிய நட்டுகளுக்குப் பயன்படுத்தலாம், வட்டின்மேல் பயன்படுத்தக்கூடாது. மூடிய தார்ப்பாய் துருவைத் தடுக்கும் என்பதும் முழு உண்மையன்று. நிலம்வரை தொங்கும் தார்ப்பாய் உள்ளே ஈரத்தைச் சிறைப்படுத்தும். காற்று ஊடாடும்படி அடிப்பகுதியைத் திறந்து வைக்கவேண்டும்.

குளிர்நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் சாலைகளுக்கு உப்பிடும் வழக்கம் 1940களிலிருந்து பரவியது. கனடாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டன் உப்பு சாலைகளில் இடப்படுவதாக அந்நாட்டு அரசின் 2001 ஆம் ஆண்டு மதிப்பீடு கூறியது. தொராண்டோவில் வாழும் ஈழத்தமிழர் தம் ஊர்திகளில் காணும் குளிர்காலத் துருவும் பழவேற்காட்டு மொபெடின் துருவும் வேதியியல் நோக்கில் ஒன்றே. இரண்டிலும் குளோரைடே முதற்காரணம்.

வேறுபாடுகளும் உள்ளன. அங்கு உப்பு சில மாதங்களே இடப்படும். வசந்தத்தில் ஒருமுறை நன்கு கழுவினால் பெரும்பகுதி நீங்கும். கடும் குளிரில் வேதிவினையும் மந்தமாக நடக்கும். சூடேற்றிய கொட்டகையில் நிறுத்தினால் உருகிய உப்புநீர் துருவை விரைவுபடுத்துகிறது. பழவேற்காட்டிலோ அந்தச் சூடான கொட்டகையின் நிலை இயற்கையாகவே ஆண்டு முழுவதும் நிலவுகிறது. எனவே குளிர்நாட்டு ஊர்திக் கையேடுகள் குளிர்காலத்துக்கெனக் கூறும் கூடுதல் கவனம் இங்கு எல்லா மாதங்களுக்கும் பொருந்தும்.

மின்னூர்திகள் வேகம் குறைக்கும்போது மின்னோடியையே மின்னாக்கியாகப் பயன்படுத்துவதால், அவற்றின் உராய்வு பிரேக் குறைவாகவே வேலை செய்கிறது. தேய்க்கப்படாத வட்டில் துரு நிலைத்துவிடும். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி வரிசையின் சில மின்கார்களின் பின்சக்கரங்களில் மூடிய டிரம் பிரேக்கைப் பொருத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வும் அளவீடும்

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அழகப்பச் செட்டியார் அளித்த நிலமும் நிதியும் அதற்கு அடித்தளமாயின. அரிமான ஆய்வு இவ்வாய்வகத்தின் முதன்மைத் துறைகளுள் ஒன்று. இந்தியாவின் அரிமான வரைபடத்தை இது உருவாக்கியுள்ளது.

ஐஎஸ்ஓ 9223 என்னும் பன்னாட்டுத் தரம், சூழல்களைச் சி1 முதல் சி5 வரையும் அதற்கு மேல் சிஎக்ஸ் எனவும் வகைப்படுத்துகிறது. சி3 சூழலில் சாதாரண எஃகு முதலாண்டில் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை தடிப்பை இழக்கும். சி5 சூழலில் இது 80 முதல் 200 வரையும், சிஎக்ஸ் சூழலில் 200 முதல் 700 வரையும் ஆகும். பிரேக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடையது என்பதை இதனோடு ஒப்பிட்டால், கடலோரத்தில் அதன் காப்புப் பூச்சு எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

கடலோர அரிமானத்துக்குத் தமிழ்நாட்டில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு பாம்பன் தொடருந்துப் பாலம் ஆகும். 1914 இல் திறக்கப்பட்ட அப்பாலம் இடைவிடாத பராமரிப்பினால் நூறாண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலத்துக்குப் பராமரிப்புப் பணியாளர் குழுவே உண்டு. மீன் ஏற்றிச் செல்லும் மொபெடுக்கு அதன் உரிமையாளர் ஒருவரே பராமரிப்பாளர்.

சட்ட நிலை

இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் ஊர்தி விதிகளில் 96 ஆம் விதி பிரேக்குகள் பற்றியது. சரக்கு, பயணியர் ஊர்திகள் காலமுறையில் தகுதிச் சான்று பெறவேண்டும். சொந்தப் பயன்பாட்டு இருசக்கர ஊர்திகளுக்கும் கார்களுக்கும் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பின்னரே பதிவுப் புதுப்பிப்புக்காகச் சோதிக்கப்படும். உட்பகுதிகளில் 15 ஆண்டுகள் வரை தாங்கும் பிரேக் குழாயோ கேபிளோ கடலோரத்தில் அதற்கு வெகு முன்பே பழுதாகலாம். ஆகவே இப்பகுதிகளில் சட்டம் வரையறுத்த காலத்துக்குக் காத்திராமல், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் முன்பனிக் காலத்தின் முடிவில் ஒருமுறையும் சக்கரங்களைக் கழற்றிப் பார்ப்பது பொருத்தமாகும்.

இவற்றையும் பார்க்க

- அரிமானம்
- துரு
- பழவேற்காடு ஏரி
- டிஸ்க் பிரேக்
- பாம்பன் பாலம்
- மத்திய மின்வேதியியல் ஆய்வகம்